முடிக்கொத்து

பெரும்பாறைக்கு மேலே, காப்பிச் செடிகளுக்கு நடுவே
சவரியம்மாளின் மலைவாழை.
இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தேன்.
புள்ளி, கோடு, கோடு, புள்ளி,
கரும்பச்சையில் அடித்த தந்தி.
தந்தி வந்தால் அந்தக் காலத்தில்
பிரிக்கும் முன்பே அழுவார்களாம்.
இவள் அழவில்லை.

"மருந்து?"
இல்லை.
"சர்க்கார் ஆபீஸ்ல கேட்டா?"
அங்கிருந்துதான் வருகிறேன்.

ஈரத்தலையில் அவசரமாய் முடிந்த கொண்டை போல
இலைகள் உச்சியில் குவிந்துவிட்டன.
இனி தார் தள்ளாது.
பதிவேட்டில் எழுதினேன்: நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்றுக்கும் சிவப்பு பெயிண்ட்.

அசுவினி பறந்துவிடக் கூடாது என்று
நான் சொன்னதற்காக
குருத்துக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினாள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு,
ரேஷனில் வாங்கிச் சேர்த்தது.
பிறகு கடப்பாரை.
கிழங்கோடு சாய்ந்த மரத்தில்
பக்கக் கன்று ஒன்று
ஒட்டிக்கொண்டே வந்தது.
அதற்கும் ஊற்றினாள்.

கடைசி பஸ், தடியன்குடிசை வளைவு.
சட்டைக் கைமடிப்பில் ஏதோ ஊர்ந்தது,
கடுகில் பாதி, சிறகு முளைத்தது.
நசுக்கிவிட்டு
பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை.
காலை: பண்ணைக்காடு, நோய் உண்டு, பதினேழு மரம்.
மாலை: சவரியம்மாள், பெரும்பாறை, நோய் இல்லை.
இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து.
நடுவில் ஒரு டீ குடித்தது நினைவிருக்கிறது.
சட்டை மாற்றியதாக நினைவில்லை.

ஆடியில் குப்பிக் கன்று தருகிறோம்,
சுத்தமானது என்றேன்.
"நீங்களே கொண்டு வாங்க சார்"
என்றாள்.