தலைக்கு மேல் ஒரு விரற்கடை

வாளையாறு செக்போஸ்ட் தாண்டி
மூன்றாவது பட்டறை.
கணவாய்க் காற்றுக்குத் தார்ப்பாய் கட்டி
பழைய தகடொன்றைத்
தலைக்கு மேல் பூட்டியிருக்கிறேன்.
கழுத்துப் பித்தான் போட்டாயிற்று.
கேபிளைத் தோளில் போட்டால் கை நடுங்காது.
நேர் கீழே நிற்காமல் ஓரடி விலகி,
ஆம்பியரைக் கொஞ்சம் இறக்கி,
ராடைத் தகட்டோடு ஒட்டினாற்போல்.

உருகின இரும்பு
விழலாமா என்று யோசிக்கிறது.
யோசிக்க விடக்கூடாது.

"சேச்சி, தீர்ந்நோ?"
சேஸிஸ் விரிசலோடு காத்திருக்கும் லாரிக்காரன்.
இல்லை.
உன் வண்டிக்கு அடியில் படுக்குமுன்
இதிலேயே தோற்றுக்கொள்கிறேன்.

ஒரு பொறி மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது.
கையுறைக்குள் சட்டைக்கையைச் சொருகாதது
என் பிழை.

கசடு தட்டினேன்.
எட்டு கோடும் எச்சில் வடிந்தாற்போல்.
ஒன்பதாவதில் மட்டும் ஒரு விரற்கடை
மீன்செதில் அடுக்கு.
அதைச் சுற்றிச் சாக்பீஸில் வட்டமிட்டுவிட்டு
அவனிடம் சொன்னேன்:
போய் இன்னொரு சாயா குடி.