மூன்றாவது சுற்று

மூன்றாவது சுற்றில்தான் நிற்கிறது.
முதல் இரண்டில் விரால்
கொரட்டூர் ஏரியின் மேல்
சுடிதார் துணியில் கத்தரி ஓடுவதுபோல் ஓடும்.
மூன்றாவதில், இரண்டாம் மிதவை திரும்பும்போது,
யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டமாதிரி
அப்படியே நிற்கும்.
ஐந்து நிமிடம்.
பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

கொரோனா வருடம் எங்கள் பிளாக் வாசலில்
நெற்றி நெற்றியாகச் சுட்ட காய்ச்சல் துப்பாக்கியைச்
செக்ரட்டரியிடம் கேட்டு வாங்கி வந்தேன்.
ஈஎஸ்சியின் நெற்றியில் வைத்தேன்.
நாற்பத்திரண்டு வரைதான் அதற்குப் படிக்கத் தெரியும்,
அதற்குமேல் 'ஹை' என்று மட்டும் காட்டும்.
ஹை, என்றேன் நானும்.

ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே,
ஒரு ஸ்டூல் அகலக் கடையில் இம்தியாஸ்
ஈயப்புகை வழியாகக் கேட்டான்:
எத்தினி செல்லு போடுற மேடம்?
நாலு.
ஃபேன் நாப்பத்திரண்டா? ரெண்டு எம்எம் கொற.
டைமிங்க எறக்கு. கெப்பாசிட்டர் நான் மாத்தித் தரேன்.
ஷாஃப்டுக்கு கிரீஸ் வெச்சியா, இல்ல
சாமிக்கு வெக்கிற மாரி தொட்டு வெச்சியா?

எல்லாம் செய்தேன்.
வேகம் குறைந்தது.
மூன்றாவது சுற்று
மூன்றாவது சுற்றாகவே இருந்தது.

வெயிலுங்க ஹெப்சிபா, என்றார் தேவநேசன்,
போன வருடக் கோப்பையைக்
கார் டாஷ்போர்டில் வைத்திருப்பவர்.
கத்திரியில ஏரித் தண்ணியே டீ மாதிரி,
அதை வெச்சு எதக் குளிர வெப்பீங்க?
குனிந்து தண்ணீரைச் சுட்டேன்.
முப்பத்து நான்கு.
ஏரிக்குக் காய்ச்சல் இல்லை.

அப்புறம் வீட்டில், துணி ஊறவைக்கும் டப்பில்
விராலை இறக்கி, மூடியைத் திறந்துபோட்டு, ஓடவிட்டேன்.
சுக்கான் துளையில் நுழைந்த தண்ணீர்
மோட்டாரைச் சுற்றி, ஈஎஸ்சியைச் சுற்றி,
பக்கவாட்டில் வெளியே வந்து
மூன்று வயதுப் பையன் சுவரைப் பார்த்து நின்றமாதிரி
நேர்க்கோடாய் அடித்தது.
டைல்ஸ் முழுக்க.
குழாயில் வாய் வைத்து ஊதினேன்.
தடையில்லை. உதட்டில்
பாசியும் இரும்பும் கலந்த ஏரி.
திறந்து வைத்துப் பார்க்கும்வரை
எல்லாம் சரியாகவே இருந்தது.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
போதும் என்று செல்போன் வெளிச்சத்தில்
மூடியைப் பொருத்தி டேப் ஒட்டினேன்.
ஏன் என்று தெரியாது, சும்மா,
கையில் இருந்ததால்,
இன்னொரு முறை ஊதினேன்.
போகவில்லை.
கன்னம் புடைத்தது. போகவில்லை.
டேப்பைப் பிய்த்தேன்: போனது.
மூடினேன்: நின்றது.

பிப்ரவரியில் வாங்கிய பேட்டரி
பழையதைவிட ஒரு விரல் தடிமன் உயரம்.
அதன் முதுகின்மேல் போகிறது சிலிகான் குழாய்.
மூடி வந்து உட்கார்ந்ததும்
மடித்த முழங்கைபோல் ஆகிறது.
யாரும் பார்க்காதபோது மட்டும்.
நான்கு மாதமாக நான் மூடியைத் திறந்து திறந்து
அதை நிமிர்த்திவிட்டு
ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தீர்ந்துபோன சானிடைசர் பாட்டிலின் பம்ப்பை உடைத்து
உள்ளிருந்த ஸ்பிரிங்கை எடுத்துக்
குழாய்க்கு மேல் சட்டையாய்ப் போட்டேன்.
பேட்டரிக்கு மேலே வேண்டாம், பக்கமாய்ப் போ என்று
இரண்டு ஜிப் டை.
அதற்குள் கரண்ட் வந்து
வாஷிங் மெஷின் கீச்சென்று கூவியது.

ஞாயிறு.
மூன்றாவது சுற்று, இரண்டாம் மிதவை.
ரிமோட்டில் கட்டைவிரல் வழுக்குகிறது.
பக்கவாட்டில் அந்த மெல்லிய தண்ணீர்க்கோடு
வெயிலில் தெரிகிறது, தெரிகிறது,
திரும்பிவிட்டது.
நான்காவது.
ஐந்தாவதில் ஆகாயத்தாமரை வேர் ஒன்று
ஃபேனில் சுற்றிக்கொண்டது.
அது வேறு கதை. இழுத்துக்கொண்டே வந்து முடித்தது.

கரையில் மூடியைத் திறந்து
ஈஎஸ்சியின்மேல் விரலை வைத்து எண்ணினேன்.
ஒன்று, இரண்டு,
இம்தியாஸ் போனில்:
இன்னா மேடம், கப்பா?
நாலாவது.
எத்தினி போட்டு ஓடிச்சி?
நாலு.
சிரித்தான். சரி வுடு, சூடு?
எடுக்கவில்லை
இன்னும் விரலை.