லைனில் இருங்கள்

ஏழு மாதச் சம்பளம், ஏழு அட்டைப்பெட்டிகள்.
மதர்போர்டு மார்ச்சில், விசிறி போன வாரம்.
கூடு மட்டும் இலவசம்:
மூடிப்போன வங்கிக் கிளையொன்று
குதாயிசி சந்தையோரம் வீசிவிட்டுப் போனது.
நெற்றியில் இன்னும் ஒட்டியிருக்கிறது
‘கவுண்டர் மூன்று’.

பொத்தானை அழுத்தினேன்.
விசிறி சுழன்றது. பச்சையாய் ஒரு புள்ளி.
பிறகு கறுப்புத் திரையில் ஒரே வரி:
துவக்க எதுவும் இல்லை.

இதை இத்தனை அமைதியாகச் சொன்னவர்
எனக்குத் தெரிந்து யாருமில்லை.
பத்ரி போனபோதுகூட
கதவு அறைந்த சத்தம் இருந்தது.

மேசையில் இரண்டு பென்டிரைவ்.
ஒன்று தங்கை கணவன் வாஜா தந்த விண்டோஸ்;
சாவி எங்கிருந்து வந்ததென்று கேட்காதே என்றான்.
மற்றது எக்வ்திமே, ஆம்புலன்ஸ் ஓட்டுபவன், தந்த லினக்ஸ்;
பூட்டே கிடையாது, சாவி எதற்கு என்றான்.
லாஷா இரண்டையும் புரட்டிப் பார்த்து
‘எதில் கால்பந்து ஓடும்?’ என்றான்.
ஒரு கட்சி உடையத் தேவையான மூன்று பேர்
என் சமையலறையில் சேர்ந்தாயிற்று.

நான் எந்தப் பக்கமும் சாயவில்லை.
இரண்டு நாள் அப்படியே விட்டுவைத்தேன்.
ஒன்றும் நிறுவாத கணினிக்குத் தெரிந்தவை இரண்டே:
இப்போது மணி என்ன,
தன் உடம்பில் சூடு எத்தனை.
தேதி மட்டும் தப்பு. திருத்திவிட்டு
கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவெல்லாம் அவசர அழைப்பு மையத்தில் எனக்கு வேலை.
அவர்கள் அழுவார்கள், நான் கேட்பேன்:
எங்கே? யார்? எத்தனையாவது மாடி?
மூச்சு இருக்கிறதா?

மூன்றாம் நாள் காலை ஆறரை, கோட்டைக்கூடக் கழற்றாமல்
வாஜாவுடையதைச் செருகினேன்.
கணக்கு இருக்கிறதா என்றது.
இணையமில்லாமல் ஓரடி நகரேன் என்றது.
நான் எங்கே போகிறேன், என்ன தட்டுகிறேன்,
அறிந்துகொள்ளட்டுமா என்றது.
மாமியார்கூட இதையெல்லாம்
கல்யாணத்துக்கு அப்புறம்தான் கேட்டாள்.
பிடுங்கினேன்.

மற்றதைச் செருகினேன்.
எந்த மொழி?
எங்கள் எழுத்து உருண்டை உருண்டையாக வந்தது,
பாதித் திரை வரை. மீதி ஆங்கிலம்.
யாரோ வேலை விட்டு வந்து மொழிபெயர்த்து
பாதியில் தூங்கிப்போயிருப்பார். தூங்கட்டும்.
எங்கே?
வரைபடத்தில் எங்கள் ஊரில்லை;
எங்கே தொட்டாலும் திபிலிசிக்கு ஓடியது.
முன்னால் ஆசியா என்று எழுதியிருந்தது.
நாங்கள் இன்னும் மேசையைத் தட்டிச் சண்டை போடும் விஷயம்,
ஒரு சொடுக்கில் தீர்ந்தது.
பெயர்?
நாசிப்ரோலா.

வட்டு முழுவதையும் அழிக்கவா?

பட்டியலில் வட்டு இரண்டு.
ஒன்று புதியது, வெறுமை. மற்றது
பழைய கணினியிலிருந்து நானே கழற்றி மாட்டியது:
வரிக் காகிதங்கள், லாஷாவின் முதல் பல் விழுந்த வீடியோ,
அதில் படமெடுப்பவனின் இருமல்.
அளவு ஒன்றே. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம்.
என் தொழிலில் ஓரெழுத்து பிசகினால்
வண்டி வேறு தெருவில் போய் நிற்கும்.

அணைத்தேன். பக்கத் தகட்டைத் திறந்து
பழைய வட்டின் கேபிளைக் கையால் உருவி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
பிறகு முதலிலிருந்து. மொழி, ஊர், பெயர்.
அழிக்கவா?
அழி.

அறுபத்து மூன்று சதவீதத்தில் மின்சாரம் போனது.
ரியோனி ஆற்றின் மேல் மழை, தெரு முழுக்க இருட்டு.
பல் துலக்கியபடி லாஷா வந்தான்:
‘எது ஜெயித்தது?’
‘மின்வாரியம்.’

அவன் பள்ளிக்குப் போன பிறகுதான் விளக்கு வந்தது.
திரையில் அதே பழைய வரி,
துவக்க எதுவும் இல்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
‘லைனிலேயே இருங்கள்’ என்றேன்,
பழக்கதோஷம்.