புள்ளி வைக்காத சொல்

சுருக்கெழுத்தில் உயிர்க்குறி போட நேரமிருக்காது.
மெய்யின் கோட்டை இழுத்துவிட்டு ஓட வேண்டும்,
பேசுகிறவர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார்.
அதனால் என் நோட்டில்
நீதிக்கும் நிதிக்கும் ஒரே வளைவு.
டைப் அடிக்கும்போது இடம் பார்த்துப் புரிந்துகொள்வோம்.
கோட்டையில் இருபத்தொன்பது வருஷம்
அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கோ. அறவாழியை அதற்கு முன்பே தெரியும்.
தம்புச்செட்டித் தெரு, ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
மழை வந்தால் கட்சிக்காரர்கள்
நாற்காலியோடு நகர்ந்து உட்காரும் அறை.
வழக்கு கொண்டு வருகிறவரும் கட்சிக்காரர்,
கொடி கொண்டு வருகிறவரும் கட்சிக்காரர்.
எந்த வருஷம் ஒருவர் இன்னொருவரானார் என்று
டைப்ரைட்டர் முன்னால் இருந்த எனக்கே தெரியவில்லை.

கால்வாய்க் கரை நாற்பத்தேழு குடிசைக்கு
ஒரே மதியத்தில் ஸ்டே வாங்கினார்.
ஃபீஸ் ஒரு கூடை சங்கரா மீன்.
பாதியை எனக்குக் கொடுத்தார்.
பஸ்ஸில் என் பக்கத்து சீட்
ராயபுரம் வரைக்கும் காலியாகவே வந்தது.

பிறகு எண்ணூற்றுப் பன்னிரண்டு வாக்கில் ஜெயித்தார்.
முதல் முறை கட்சி மாறியபோது கொள்கை என்றார்.
இரண்டாம் முறை, தொகுதியின் நலன்.
மூன்றாம் முறை நிருபர்கள் கேட்கவே இல்லை,
சால்வையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.
மச்சான் பெயரில் ஏழு ஏக்கர்,
இரண்டு பக்கமும் ஃபீஸ் வாங்கியதாக
பார் கவுன்சில் நோட்டீஸ்,
அதற்கு அவரே எழுதிய பதினோரு பக்கப் பதில்.
பதில் அருமையாக இருந்தது. நான் படித்தேன்.
கேள்விதான் அதில் எங்கும் இல்லை.

அமைச்சரான இரண்டாம் வருஷம்
அதே கால்வாய், அதே கரை.
காலி செய்யும் உத்தரவில் பச்சை மையில் கையெழுத்து.
எதிர்க்கட்சி எழுந்து கத்தியது.
மைக் கரகரத்தது. அவர் சொன்னார்:
"அந்த மக்களுக்கு உரிய (அந்த வளைவு) வழங்கப்படும்."
மேஜை தட்டல். ஒலிநாடாவிலும் அதே மேஜை தட்டல்தான்.

மணி ஆறே கால்.
நிதி என்று அடித்தேன்.
திருத்தத்துக்கு அவர் அறைக்கு அனுப்பினேன்.
பச்சை மையில் ஒரு டிக்கோடு திரும்பி வந்தது.

குடிசைக்கு எட்டாயிரம் ரூபாய்,
ஊருக்கு வெளியே ஒரு மாடி வீட்டின் சாவி.
மீன் கூடையோடு நாலாம் மாடி ஏறியவர்கள்
வியாபாரத்துக்குக் கரைக்கே திரும்பி வந்தார்கள்,
பிறகு தார்ப்பாயோடு வந்தார்கள்.

இந்தக் கார்த்திகையில் மறுபடி வழக்கு.
தோற்று, பதவி போய், பழைய கறுப்பு கோட்டில்
அவர்களுக்காக அறவாழி நின்றார்.
ஒரு அஃபிடவிட் வேலையாகப் போயிருந்தேன்,
கடைசி பெஞ்சில் இடமிருந்தது.
"கனம் கோர்ட்டார் அவர்களே, இவர் கையெழுத்தை எதிர்த்து
இவரே எப்படி வாதாட முடியும்?" என்றார் அரசு வக்கீல்.
"நீங்கள் வக்கீலா, சாட்சியா?" என்றார் நீதிபதி.
அறவாழி கழுத்துப் பட்டையைக் கழற்றி
பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.
"அந்தக் கையெழுத்து தப்பு. நீதி தருவதாக
அவையிலேயே சொல்லியிருக்கிறேன்."
அரசு வக்கீல் அவைக்குறிப்பைப் பிரித்தார்.
இருநூற்றுப் பதினான்காம் பக்கம்.
"நிதி என்றுதான் இருக்கிறது."
எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்துகொண்டேன்.

தேர்தல் வருதில்ல, அதான், என்றார்
ஆவின் கேட் டீக்கடைக்காரர்.
இருக்கலாம். வார்டு வார்டாக
அவர் படம் ஒட்டத் தொடங்கியிருந்தார்கள்.

வெளியே வந்தவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.
"ஃபிலோமினா, அன்னைக்கு நான் என்னம்மா சொன்னேன்?"
குரலில் விளையாட்டு இல்லை.
நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நீங்கதான் சார் டிக் போட்டீங்க."

தலையாட்டினார்.
பிறகு ஓர் ஆட்டோவை நிறுத்தி
கால்வாய்க் கரைக்கு நூற்றைம்பதா என்று
பழைய குரலில் வாதாட ஆரம்பித்தார்.
நூற்றிருபதுக்குப் படிந்தது.