மெமோவுக்கு விளக்கம்

தடுப்புக் கட்டையை
யார் உத்தரவில் அவிழ்த்தாய் என்று
மூன்று நாளில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள் ஐயா.
இரண்டு நாள் போய்விட்டது.

மாசி பிறந்திருந்தது. அணைக்கட்டுப் பக்கம்
பஸ் திரும்புகிற கடைசிக் குப்பம்.
மாடு விடும் விழா. இருநூறு காளை, ஒரே தெரு.
இரு பக்கமும் சவுக்குக் கட்டை,
கட்டைக்குப் பின்னால் ஊர்,
ஊருக்குப் பின்னால் பத்து ஊர்.
ஒவ்வொரு காளை போன பிறகும்
சனம் வழிந்து தடத்தை மூடியது,
வாய்க்காலைச் சேறு மூடுகிற மாதிரி.

நான் பி.ஏ. வரலாறு.
முத்துரங்கம் கல்லூரி, இரண்டாம் வகுப்பு.
மின்விசிறி ஓடாத ஒரு மதியம் காதில் விழுந்தது இது:
ஜாமாவில் ஹானிபல்
எண்பது யானையை முன்னால் நிறுத்தினான்.
ரோமர் வழக்கமாய்
முன்வரிசை இடைவெளியைப் பின்வரிசை அடைத்து நிற்பார்கள்,
சதுரங்கக் கட்டம் போல.
அன்றைக்கு ஸ்கிபியோ
ஒன்றன்பின் ஒன்றாய் நிறுத்திவிட்டான்.
நடுவே சந்து சந்தாய் வெறுந்தரை.
எதிரிக்குத் தெரியாதிருக்க
சந்து வாயில் ஈட்டிப் பையன்கள்.
யானை வந்தது. பையன்கள் ஒதுங்கினார்கள்.
யானைக்கு யார் மேலும் கோபமில்லை,
வழிதான் வேண்டும்.
இருந்தது. போய்விட்டது.

பரீட்சையில் ஐந்து மார்க்.

எனக்கு அதைவிடக் கன்னே நன்றாகத் தெரியும்.
நடுவில் வளைந்து பின்வாங்கியவனைத் துரத்தி
உள்ளே, இன்னும் உள்ளே போன படை.
பக்கங்கள் மூடின. முதுகும் மூடியது.
நடுவில் மாட்டியவனை
முதலில் வாள் தொடவில்லை ஐயா,
கையைத் தூக்க இடமில்லாமல் நின்றான்
தன் முறை வரும்வரை.

இரண்டு வருஷம் முன்பு ஆடிக் கிருத்திகை பந்தோபஸ்து.
படிக்கட்டில் நெரிசல்.
தலைகளுக்கு மேலே ஒரு கை,
டிபன் டப்பாவை விடாமல்.
நான் பத்தடி தள்ளி.
பத்தடியைக் கடக்க இருபது நிமிஷம் ஆனது.

விசாரணை நடந்தது.
எனக்குப் பேரணாம்பட்டு மலைச் சாவடி.

கன்னேயில் சாகாமல் வந்தவர்களை
ரோம் சிசிலிக்குத் தள்ளியது,
போர் முடியும்வரை ஊர்ப்பக்கம் வராதே என்று.
பதினான்கு வருஷம் கழித்து
ஜாமாவில் சந்து விட்டு நின்றவர்களில்
அவர்களும் இருந்தார்கள்.
இதை யாரும் எந்த மார்க்குக்கும் கேட்கவில்லை.

நூற்றுப் பதினாலாவது காளை.
பெயர் கே.வி.குப்பம் கரண்ட்.
கோட்டைத் தாண்டியது,
மைக்செட் அலறியது, பம்பை விழுந்தது,
மிரண்டு திரும்பிவிட்டது.
(கொம்பு ஊதிய சத்தத்தில் அங்கேயும் சில யானை
தன் குதிரைகள் மேலேயே திரும்பின.)
தடம் மூடியிருந்தது.
இன்ஸ்பெக்டர் அடை அடை என்றார்.
ஏட்டு துளசிநாதன் லத்தியைக் குறுக்கே பிடித்தார், பாவம்.
முன்னால் இருந்தவர்கள் பின்னால் சாய,
பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்க்க முன்னால் தள்ள,
எனக்கு ஒரு கை தெரிந்தது.
அங்கே யாரும் கையைத் தூக்கவில்லை.
எனக்குத் தெரிந்தது.

கிழக்குக் கட்டையின் கயிற்றை அறுத்தேன்.
அறுத்தது கதிர் அரிவாள், ஊர்க்காரருடையது,
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
பின்னால் நிலக்கடலைக் கொல்லை.
கோணி கிழிந்த மாதிரி சனம் அதில் கொட்டியது.
தெரு காலி.
காளை எங்களை ஒருமுறை பார்த்தது.
நடந்துதான் போனது ஐயா,
ஓடக்கூட இல்லை.

சேதம்: கடலைச் செடி முப்பது சென்ட்.
மகிமைதாஸ் என்பவருக்கு ஒரு விலா.
ஜோடி சேராத செருப்பு, எண்ணவில்லை.

யார் உத்தரவு என்ற கேள்விக்கு
கி.மு. 202 என்று எழுதினேன். அடித்தேன்.
சூழ்நிலை கருதி என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.
யாருமில்லை, நான்தான்.

கொல்லைக்காரருக்கு நஷ்டஈடு கொடுத்துவிடுங்கள்.
மறுபடியும் சாவடி என்றால்
முன்கூட்டியே சொல்லுங்கள் ஐயா.
போனமுறை கம்பளி எடுத்துப் போகவில்லை.