விளக்குமாறு

டோல்கோர் எட்டரை மணிக்குப் பெருக்கத் தொடங்குகிறாள்.
வாசலை அல்ல, ஏரியை.
மார்ச் மாதத்துப் பைக்கால் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது.
அதன்மேல் ஒரு சாண் பனி.
அந்தப் பனியில் பத்துக்குப் பத்து மீட்டர்
அவள் உத்தியோகம்.

பிர்ச் குச்சிகளைச் சணலால் கட்டிய அந்தப் பொருளுக்கு
விளக்குமாறு என்றொரு பெயர் உண்டென்று
அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
ஒளிச்சேர்க்கையை விளக்குமாறு கேட்ட தேர்வுத்தாளில்
ஆறு மதிப்பெண்ணுக்கு இரண்டரை வாங்கியவன் நான்.

பக்கத்தில் இன்னொரு சதுரம், நான்கு சிவப்புக் கொடிகளோடு.
அதில் துடைப்பம் படக்கூடாது.
"இருட்டும் வேணும், ஒப்பிட்டுப் பார்க்க" என்கிறான் வெனியமீன்,
துளை வழியே ஒளிமானியை இறக்கிக்கொண்டே.

மீன் லாரியில் போகும் கொழுந்தன் பாதோ கத்துகிறான்:
"ஏரியைப் பெருக்குறியே, யார் வரப்போறாங்க?"
"வெயில். லாரியைத் தள்ளி ஓட்டு, நிழல் விழுது."

வரத்தான் செய்கிறது.
எட்டு நிமிடச் சொச்சத்தில் அத்தனை கோடி மைல் கடந்தது
இந்தக் கடைசி ஒரு மீட்டரில் தடுமாறுகிறது.
விரிசல்களில் முறிந்து, நீலம் பூசிக்கொண்டு,
அடிப்பக்கம் சேரும்போது பாதிகூட மிச்சமில்லை.

போதும்.
அங்கே தலைகீழாகத் தொங்குகிறது ஒரு தோட்டம்.
வேரில்லை. தண்டில்லை. இலையென்று காட்ட எதுவுமில்லை.
தானே செய்துகொண்ட கண்ணாடிச் சிமிழுக்குள்
பழுப்புப் பொன்னாய் ஒரு பொட்டு உயிர்,
அடுத்த சிமிழைப் பிடித்தபடி, அதற்கடுத்ததையும்.

ஒளித்துகள் ஒன்று பச்சையத்தைத் தட்டுகிறது.
எலக்ட்ரான் ஒன்று துள்ளிக் கைமாறுகிறது, கைமாறிக் கைமாறி,
தீப்பிடித்த வீட்டுக்கு வாளி போவதுபோல்.
ஆனால் இங்கே
வாளிக்குள் இருப்பதுதான் தீ.

கொடுத்த பச்சையம் சும்மா இருக்குமா?
போனதைத் தண்ணீரிடம் பிடுங்கிக்கொள்கிறது.
நான்கு தட்டல் முடிந்தால் இரண்டு நீர் மூலக்கூறு உடைந்திருக்கும்.
உள்ளே, அவசரமில்லாத இன்னொரு அறையில்,
கரைந்து கிடந்த கரியமில வாயுவைப் பிசைந்து
சர்க்கரை ஆகிறது. பிடித்துவைத்த வெயில்,
இருட்டிலும் தின்னலாம்.

மிஞ்சியது கழிவு.
அது மேலே மிதந்து உறைபனியின் வயிற்றில் ஒட்டிக்கொள்கிறது.
டோல்கோர் மண்டியிட்டுக் கையுறையால் தேய்த்து எண்ணுகிறாள்,
உதட்டை அசைத்து, காசு எண்ணுவதுபோல்.
பதினேழாம் நாள் இருநூற்றுப் பத்துக் குமிழ்.
எண்ணும்போது மூச்சு வெளியே விடுகிறாள்; வெள்ளையாய்ப் போகிறது.
உள்ளே இழுப்பது எங்கிருந்து வருகிறதென்று
யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள்.

இருபத்து மூன்றாம் இரவு மலையிடுக்கிலிருந்து சர்மா இறங்கியது.
அங்கே காற்றுக்கும் பெயர் வைத்து அஞ்சுவார்கள்.
குடிலின் புகைக்குழாய் போயிற்று. நான்கு கொடிகளும் போயின.
விடிந்து பார்த்தால் ஏரியில் பனியே இல்லை,
கண் போகும் தூரம் வரை வழவழவென்று கறுநீலம்.
அவள் சதுரம் எது, இருட்டின் சதுரம் எது,
ஒரு கோடு மிச்சமில்லை.

வெனியமீன் பிளாஸ்க்கை எட்டி உதைத்தான்.
"ஒப்பிட இனி இருட்டுக்கு எங்கே போவேன்?"
டோல்கோருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.
தோள் வலி, குளிரில் வெளுத்த இரண்டு விரல்,
இருபத்து மூன்று காலைகள்.
ஒருவன் ராத்திரியில் வந்து, சம்பளம் கேட்காமல்,
முழு ஏரியையும் பெருக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

பன்னிரண்டு நாள் கழித்து லாரி வந்து நின்றது.
பாதோ வலையைத் தூக்கி அவள் காலடியில் போட்டான்.
கண்ணிக்குக் கண்ணி பழுப்புச் சளி,
மீனைவிடக் கனம்.
"உன் வெயில் என் வலையில மாட்டியிருக்கு. நீயே கழுவு."

அவள் குனிந்து முகர்ந்தாள். வெள்ளரிக்காய் வாசனை.
துளையிலிருந்து ஒரு வாளி தண்ணீர் மொண்டாள்.
சும்மா சாய்ந்திருந்த துடைப்பத்தை எடுத்து
வலையை
விளக்கத் தொடங்கினாள்.