தண்ணி நண்டு

மண்டபத்தில், ரயில் ரோட்டுக்குத் தெற்கே,
ஜன்னல் இல்லாத வெள்ளை அறை.
நாற்பது பெண்கள், நாற்பது தொப்பி,
எல்லோருக்கும் ஒரே குளிர்.
வெளியே பங்குனி வெயில் தகரத்தைக் காய்ச்சுவது
உள்ளே எங்களுக்கு வதந்தி மாதிரி.

அவித்த நண்டு கூடை கூடையாக வரும்.
முதுகோட்டைக் கழற்றி
செவுளைச் சீவி
சதையை உடையாமல் எடுத்துக்
கிண்ணத்தில் வைக்க வேண்டும்.
உடைந்தால் விலை வேறு.
ஓட்டுச் சில்லு ஒன்று கிடந்தால்
கிண்ணமே திரும்பி வரும்.

சுவரில் ஒரு பலகை.
சாயங்காலம் சூப்பர்வைசர் கிளாட்வின்
சாக்பீஸால் எழுதுவான்,
யார் முதல், எத்தனை கிலோ.
அந்த மாதம் பதினாறு நாள்
முதல் பெயர் என்னுடையது.
ஜெபமாலை, எட்டரை.
ஜெபமாலை, ஒன்பது.
ஒரு நாள் பதினொன்று.
கைதட்டினார்கள்.
கையுறையோடு தட்டினால்
ஈரத்துணியை உதறுகிற சத்தம்தான் வரும்.

எப்படி முடிந்தது என்று கேட்டார்கள்.
அன்றைக்குச் சிரித்தேன், இப்போது சொல்கிறேன்.
கக்கூஸ் போக நேரமாகும் என்று
தண்ணீர் குடிக்கவில்லை.
நின்றபடி நாலு வாய் சோறு.
பக்கத்து இருக்கைக் கைருன்னிசா
தங்கைக்கு நிச்சயமானதைச் சொன்னாள்;
மாப்பிள்ளை எந்த ஊர் என்றுகூட
நான் கேட்கவில்லை.

அன்று ராத்திரி தூக்கத்தில்
விரல்கள் போர்வையை உரித்துக்கொண்டிருந்தன.
காலையில் மகளுக்குச் சடை பின்ன
சீப்பை எடுத்தேன், விழுந்தது.
எடுத்தேன், விழுந்தது.
பள்ளி வேன் ஹாரன் அடித்தது.
அவள் ஒன்றும் சொல்லாமல் சீப்பை வாங்கி
கோணலாக ஒரு சடை
தானே போட்டுக்கொண்டு ஓடினாள்.

நேற்றைய பதினொன்றில்
இரண்டு கிலோ சில்லு கலந்து திரும்பியிருந்தது.
பலகையில் பதினொன்று
பதினொன்றாகவே இருந்தது.
அன்று என்னால் முடிந்தது நாலு.
மறுநாள் லீவு.

வீட்டில் படுத்துக்கொண்டு
தண்ணி நண்டை நினைத்தேன்.
கூடை வந்ததும் அடிவயிற்றை அமுக்கிப் பார்ப்போம்;
அமுங்கினால் ஓரமாக வீசுவோம்.
புதிதாக ஓடு கழற்றியது,
உள்ளே சதை இல்லை, கடல்தான்.
வலையில் மாட்டியிராவிட்டால்
ஏதாவது பாசிக்குள், கல் சந்துக்குள்
சும்மா கிடந்திருக்கும்,
ஓடு இறுகும்வரை
இரைக்குக்கூட வெளியே வராமல்.
அதைச் சோம்பேறி நண்டு என்று
இந்தக் கரையில் யாரும் சொன்னதில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
ஒன்பதும் நாலும் பூஜ்யமும்
மூன்று நாளுக்குப் பதின்மூன்று.
தைலம் எண்பத்தைந்து ரூபாய் தனி.
நாளுக்கு ஆறரை என்றால் பத்தொன்பதரை.
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன்,
பள்ளிக்கூடத்தில் தப்பு வாங்கியவள் என்பதால்.

இப்போது ஆறரை.
பத்தரை மணிக்குக் கத்தியை வைத்துவிட்டு
பின்வாசல் உடைமரத்தடிக்குப் போகிறேன்.
பாட்டில் தண்ணீரில் பாதி.
பாம்பன் பக்கம் போகிற ரயில் இருந்தால்
கடைசிப் பெட்டிவரை பார்ப்பேன்.
முதல் வாரம்
எதையோ திருடுகிற மாதிரி இருந்தது.
"உடம்பு சரியில்லையா அக்கா?"
என்றான் கிளாட்வின்.
"சரியாத்தான் இருக்கு.
அதனாலதான் ஆறரை."

எப்போதும் இப்படி என்று பொய் சொல்லமாட்டேன்.
ஆனியில் பள்ளி ஃபீஸ் வந்தது,
நாலு நாள் எட்டுக்குப் போனேன்.
ஐந்தாம் நாள் சீப்பை எடுத்து
விரல்களைச் சோதித்துவிட்டு
திரும்பி வந்தேன்.

பலகையில் இப்போது கைருன்னிசா பெயர்.
எட்டேமுக்கால்.
தங்கை கல்யாணம் ஆவணியில்;
மாப்பிள்ளை தொண்டிக்காரராம்,
கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
காலையிலிருந்து அவள் பாட்டில் மூடி
திறக்கப்படவே இல்லை.
என் பாட்டிலைத் திறந்து
அவள் முழங்கைப் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

அவள் பார்க்கவில்லை.
இன்னும் இரண்டு கூடை இருக்கிறது.